வேம்பின் கிளையும் என் அலமாரியும்

சங்க அலுவலகத்தின் பார்வையாளர் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பச்சை மை. "தொழிலாளர்களின் உணவுப் பாத்திரங்கள் எண்ணிட்ட அலமாரியில் மிக ஒழுங்காக வைக்கப்பட்டுள்ளன. மற்ற குவாரிகளும் இதைப் பின்பற்றலாம்" என்று ஓர் அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்குப் பதிலாக எழுத்தர் வேலைக்கு வரப்போகும் தங்கைகளே, சேர்ந்த முதல் வாரமே நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுவீர்கள். வேலை புதிது, கை துறுதுறுவென்று இருக்கும். அந்த அலமாரி எங்கே போயிற்று, மறுபடி ஒன்று செய்தால் என்ன என்று தோன்றும். செய்யாதீர்கள். அதைச் செய்தவள் நான். அதைப் பிளந்து அடுப்பில் வைத்தவளும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு நாள்.

பணி அனுபவம் என்று எழுதுகிறவர்கள் தலை நரைத்த பிறகு எழுதுவார்கள். எனக்கு இருபத்து நான்கு வயது. மதுராந்தகத்தில் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்து அடுத்த வாரம் போகிறேன். ஐந்து வருடம் கல்குவாரியில் குப்பை கொட்டிவிட்டு, பென்ஷன் வாங்கியவளைப் போல அறிவுரை எழுத உட்கார்ந்துவிட்டாள் என்று எங்கள் அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான் சொல்லப்போவது என் அறிவைப் பற்றி அல்ல.

உங்களில் ஒருத்தி ஊரப்பாக்கத்துப் பெண் என்று கேள்விப்பட்டேன். குவாரியை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பாய், தூரத்தில் வெள்ளையாக ஒரு புகை. அதனால் கொஞ்சம் முன்கதை சொல்கிறேன். எங்கள் ஜனம் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. ரயில் பாதைக்குக் கல் உடைக்க வந்தார்கள். பாதை அதன் வழியில் போய்விட்டது, இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் எங்கள் வீடுகளில் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிறோம். அந்தக் காலத்தில் இங்கே ஒரு மலை இருந்தது. என் தாத்தா காலையில் மலை ஏறி வேலைக்குப் போனார். என் நைனா பள்ளத்தில் இறங்கி வேலைக்குப் போகிறார். இடம் ஒன்றுதான்.

அந்த மலை எங்கே என்று கேட்டால், ஜி.எஸ்.டி. ரோட்டின் அடியில் இருக்கிறது. கோவளத்துப் பக்கம் அலை ஏறாமல் இருக்கக் கொட்டிய பாறைகளில் இருக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பிகள் வந்து சுத்தியலால் தட்டி, ஓசை கேட்டு, நல்ல கல்லாகப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். ஆகையால் எந்தெந்த ஊர்க் கோயில்களிலோ சாமியாகவும் இருக்கிறது. மிச்சம் எங்கள் மூக்கில் இருக்கிறது.

பள்ளத்தில் ஆள் தனியாக வேலை செய்வதில்லை. ஜோடியாகத்தான். புருஷன் பாறையில் வரிசையாகக் குழி போட்டு, இரும்பு ஆப்பு இறக்கிப் பிளப்பான். பெண்டாட்டி அதை உடைத்துக் கூடையில் சுமப்பாள். இருபத்தேழு ஜோடிகள். தொழிலாளர்களே சேர்ந்து சங்கம் வைத்துக் குவாரியைக் குத்தகைக்கு எடுத்தபோது, எழுதத் தெரிந்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. எங்கள் குடியிருப்பில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தது ஒரே ஆள். அந்த ஒரே ஆளுக்குத் தன்னைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் எதுவும் தெரியாது என்ற எண்ணம் இருந்தது.

ஆறாம் வகுப்பிலிருந்து செங்கல்பட்டில் விடுதியில் இருந்து படித்தவள் நான். பள்ளத்துப் பக்கமே என்னை விட்டதில்லை. லீவில் வந்தால்கூட, "அங்க உனக்கு இன்னா வேல, உக்காந்து படி" என்று அம்மா விரட்டிவிடுவாள். வேலையில் சேர்ந்த அன்று நைனா செங்கல்பட்டுக் கடைத்தெருவில் எனக்கு ஒரு எவர்சில்வர் கேரியர் வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று அடுக்கு. மேல்மூடியில் என் பெயர் வெட்டியிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மற்றவர்கள் எல்லாரும் அலுமினியத் தூக்குச்சட்டியில் கூழோ பழைய சோறோ கொண்டுவரும் இடத்தில், நான் மூன்று அடுக்குக் கேரியரைக் கண்ணாடி மாதிரி துலக்கி மேசை மேல் வைத்திருப்பேன், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி.

சேர்ந்ததும் முதல் காரியமாக ஆஜர் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தேன். வெடி வைப்பதற்கு முன்னால் நான் விசில் ஊத வேண்டும். எல்லாரும் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்கு ஏறி வர வேண்டும். நான் பெயர் வாசிப்பேன், ஆள் இருந்தால் டிக் போடுவேன். எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்த பிறகுதான் திரி. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பதிவேட்டில் ஜோடிக்கு ஒரு பெயர், புருஷன் பெயர்தான். முதல் நாள் நான் "வீராசாமி!" என்று வாசித்தேன். வீராசாமி என் நைனா.

"அடி ஆத்தே! பெத்த அப்பன பேரு சொல்லி கூப்புடுதுடி!" என்றாள் ஒருத்தி.

"படிச்ச புள்ளன்னா அப்டித்தான். நாளிக்கு அவங்க அம்மாவையும் வாடி போடின்னு கூப்புடும் பாரு" என்றாள் இன்னொருத்தி.

அம்மா மானம் போகிறதே என்று சட்டென்று குரல் கொடுத்தாள். "கீறோம், கீறோம். அடுத்த பேர படி."

அன்றிலிருந்து அதுவே பழக்கமாயிற்று. ஜோடியில் யாராவது ஒருவர் "கீறோம்" என்று சொல்வார். நான் டிக் போடுவேன். அதை "இருக்கிறோம்" என்று சொல்லும்படி நான் நாலைந்து தரம் திருத்தியும் பார்த்தேன். சொன்னவர் ஒருவர்தானே, மற்றவர் எங்கே என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

நைனா மட்டும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். என் அருமை தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு நான் செய்தித்தாள் படித்துக் காட்டுவேன், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. அவர் எதிரே உட்கார்ந்து, என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், சரியான இடத்தில் தலையாட்டிக் கேட்பார். இப்படி ஒரு ரசிகர் கலெக்டருக்குக்கூட வாய்க்க மாட்டார் என்று எனக்குப் பெருமை.

இனி அலமாரிக்கு வருகிறேன்.

பள்ளத்தின் விளிம்பில் ஒரு வேப்பமரம் நிற்கிறது, பார்ப்பீர்கள். வெடிப் புழுதியில் பாதி பட்டுப்போன மரம். பள்ளத்துப் பக்கம் நீண்டிருக்கும் கிளையில் ஓர் இலை கிடையாது. ஜனங்கள் காலையில் இறங்கும்போது அந்தக் கிளையில் தூக்குச்சட்டியை மாட்டிவிட்டு இறங்குவார்கள். நசுங்கினது, காது போனது, கந்தல் துணியால் வாய் கட்டினது என்று இருபத்தேழு சட்டிகள். காக்காய்க்குக் கொண்டாட்டம். எறும்புக்கும் நாய்க்கும் பயந்து மாட்டுகிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மாவட்டத்திலிருந்து அதிகாரி பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்ததும் அந்த மரம் என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. விடுதியில் தட்டு வைக்க எங்களுக்கு ஓர் அலமாரி இருந்தது, ஒவ்வொருத்திக்கும் ஒரு எண். அதே மாதிரி பலகை அடித்து, கொட்டகையில் நிறுத்தி, வெள்ளைப் பெயிண்டால் ஒன்று முதல் இருபத்தேழு வரை எழுதினேன். இனி மரத்தில் மாட்டக் கூடாது. காலையில் சட்டியை அவரவர் எண்ணில் வைக்க வேண்டும். வெடி முடிந்து சாப்பாட்டு நேரம் வரும் வரை யாரும் தொடக் கூடாது.

எதிர்ப்பு ஒரே இடத்திலிருந்து வந்தது. வெடி வைக்கிற கோயிந்து மாமா. காதோரம் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும் மனிதர். திரியைப் பற்ற வைத்து மேலே வந்ததும் அதே நெருப்பில் அந்தப் பீடியையும் பற்ற வைத்துக்கொள்வார். பீடி முடிவதும் பாறை வெடிப்பதும் ஒன்றாக இருக்கும்.

"இன்னாத்துக்கும்மா மரத்த காலி பண்ற?" என்றார்.

"அதிகாரி வரார் மாமா. பார்க்க அசிங்கமா இருக்கு."

"மரத்துல சட்டி தொங்குனா அவருக்கு இன்னா பேஜாரு?"

"சுகாதாரம் மாமா. உங்களுக்குப் புரியாது."

அவர் காதோரத்துப் பீடியைச் சரியாகச் செருகிக்கொண்டார். "நமக்கு மரம் காலியா கீதான்னு பாக்கணும், திரி வெக்கணும். வேற ஒண்ணும் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தன் வேலையைப் பற்றித்தான் பேசினார் என்பது எனக்கு உறைக்கவில்லை. படிக்காதவர், மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று நினைத்தேன்.

மற்றவர்கள் மறுக்கவில்லை. ஏன் என்று பிறகு அம்மாவிடம் கேட்டேன். "நம்ம புள்ள எழுதிவச்சிகீது, தப்பாவா கீதும்னு நெனச்சாங்க" என்றாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

பதினோரு நாள் எல்லாம் நல்லபடியாக நடந்தது. பன்னிரண்டாம் நாள் அதிகாரி வந்தார்.

அன்று நான் மூன்று காரியங்கள் செய்தேன். முதலாவது, அதிகாரிக்கு மோர் கரைக்க அம்மாவைப் பள்ளத்திலிருந்து மேலே வரச் சொன்னேன். அம்மா கரைத்தால்தான் மோரில் உப்பு சரியாக இருக்கும். இரண்டாவது, அதிகாரிக்கு மதியச் சாப்பாடு மாமல்லபுரத்தில் ஏற்பாடாகியிருந்தது, நேரமில்லை என்றார்; ஆகவே வெடியை அரை மணி நேரம் முன்னால் வைக்கச் சொன்னேன். மூன்றாவது, விசிலை எடுத்து, அதிகாரி முன்னால் வழக்கத்தைவிட நீளமாக ஊதினேன்.

ஜனங்கள் ஏறி வந்தார்கள். நான் பதிவேட்டை விரித்து, வானொலியில் செய்தி வாசிப்பதுபோலப் பெயர் வாசித்தேன். "வீராசாமி" என்றதும், கொட்டகை மூலையில் மோர்ப் பானைக்குள் கை விட்டிருந்த அம்மா, வழக்கம் போல, தலை நிமிராமல், "கீறோம்" என்றாள். டிக். இருபத்தேழும் டிக்.

"வெரி குட். ரொம்ப ஒழுங்கு" என்றார் அதிகாரி. நான் கோயிந்து மாமாவுக்குக் கை காட்டினேன். அவர் பள்ளத்துக்குப் போகும் வழியில், தன் வழக்கப்படி, மரத்தை அண்ணாந்து பார்த்தார். மரம் காலி. பன்னிரண்டு நாளாகவே அது காலிதான். இறங்கிப் போய் ஐந்து வெடிக் குழிக்கும் திரி வைத்துவிட்டு, மேலே வந்து பீடியைப் பற்ற வைத்தார்.

சங்கச் செயலாளர் அதிகாரியைக் கொட்டகையின் பின்புறம் நிழலுக்கு அழைத்துக்கொண்டு போனார். அம்மா மோர்ச் செம்பை அவரிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தாள். ஒரு தரம் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள்.

"எங்க அவரு?"

"யாரு?" என்றேன்.

"அவருதான்டி! உங்க நைனா!"

"நீதானே இருக்கோம்னு சொன்ன?"

"நான் கீறேன்! அவரு எங்க?" என்று கத்திக்கொண்டே அம்மா பள்ளத்து வழியைப் பார்த்து ஓடினாள். இரண்டு பெண்கள் பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். "ஐயோ, வுடுங்கடி! மரம் காலியான நாள்லேந்து நான் போய்த் தட்டுனாத்தான் வருவாரு! இன்னிக்கி நான் போவலியே!"

நான் விளிம்புக்கு ஓடிப் பார்த்தேன். பள்ளத்தின் வடக்கு மூலையில், நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக்கு அடியில், திரி வைத்த இடத்துக்கு மறைவாக, நைனா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆப்பு இறக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் சேர்ந்து கத்தினோம். நான் விசிலை ஊது ஊது என்று ஊதினேன். அவர் நிதானமாக இன்னொரு அடி அடித்தார்.

"மாமா, திரிய அணைச்சிடுங்க!"

"அஞ்சு குழிம்மா! இன்னா குத்துவிளக்கா, ஊதி அணைக்க?" கோயிந்து மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "அவனுக்கு ஏதும்மா காது? மரத்த பாத்துத்தான அவன் நேரம் தெரிஞ்சிப்பான்! ஒவ்வொரு சட்டியா போவும், அத பாத்துட்டு கடசி ஆளா ஏறி வந்து அவன் சட்டிய எடுப்பான். ஜோடியில யாரு கடசியா ஏறுறாங்களோ அவங்கதான் சட்டிய எடுக்கணும். சட்டி தொங்குதுன்னா ஆளு கீழ கீது. அதுக்குத்தானே மரம்!"

இருபது வருஷமாக அந்த மரம் என்ன வேலை பார்த்தது என்பதை நான் அறிந்துகொண்டது அப்போதுதான். அவர் கையில் பீடி பாதி எரிந்திருந்தது.

மரத்தில் ஒரே ஒரு சட்டி தொங்கினால் அது தன்னுடையது என்று நைனா ஏறி வந்துவிடுவார். அவ்வளவுதானே? அலமாரிக்கு ஓடினேன். இருபத்தேழு எண்களையும் எழுதியவள் நான். எங்கள் வீட்டு எண் எனக்கு நினைவில்லை. இருபத்தேழு அலுமினியச் சட்டிகளும் ஒன்று போலவே இருந்தன. அம்மாவாக இருந்தால் நசுங்கலைப் பார்த்து ஒரு நொடியில் எடுத்திருப்பாள். எனக்கு எங்கள் வீட்டுச் சட்டியின் நசுங்கல் எங்கே என்று தெரியாது. நான்தான் கேரியரில் சாப்பிடுகிறவள் ஆயிற்றே. பக்கத்தில் இருந்த என் மேசையில் கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் கேரியர்.

கிளையில் மாட்டினேன். உச்சி வெயில் அதில் பட்டுக் கண் கூசியது. சற்று நேரத்தில் நைனா முதுகை நிமிர்த்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழக்கப்படி, மரத்தைப் பார்த்தார். பார்த்தவர் சுத்தியலைக் கீழே போட்டார். "பாத்துட்டாரு!" என்று எல்லாரும் கத்தினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நைனா மேலே வரும் வழிக்கு வரவில்லை. திரும்பி, பள்ளத்துக்குள்ளேயே, கல் குவியல்களுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்குக் குரல் பெரிது. மேலே நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"பாப்பா! ஏ பாப்பா!"

என்னை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அடிப் பாவி! உன்னுதயா மாட்டின?" என்றார் கோயிந்து மாமா. "நீ கீழ கீறேன்னு உன்னியத் தேடறான்!"

மரத்தில் சட்டி தொங்கினால் ஆள் கீழே. என் கேரியர் தொங்கினால் நான் கீழே. தன் காலடியில் ஐந்து திரி எரிவது தெரியாமல், அவர் மகளைத் தேடிக்கொண்டிருந்தார். கோயிந்து மாமாவின் விரல் நுனிக்குப் பீடி வந்துவிட்டது.

இந்த இடத்தில் நான் யோசித்துச் செய்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. மரத்தடிக்கு ஓடினேன். கேரியரைக் கிளையிலிருந்து கழற்றினேன். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு விளிம்பிலேயே நின்றேன். அடியடுக்கிலிருந்து சாம்பார் கை வழியாக இறங்கி, அதிகாரிக்காகக் கட்டியிருந்த புதுச் சேலையெல்லாம் ஓடியது. "இப்பால வாடி!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். நைனா ஒரு குவியலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். இன்னொரு தரம் மரத்தைப் பார்த்தார். கிளை காலி. அதற்கு அடியில் நான்.

நைனா ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். பாதி வழி கையை ஊன்றித்தான் ஏறினார். மேலே வந்த வேகத்தில் என் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் பின்னால் விழுந்தார். கோயிந்து மாமா பீடியைக் கீழே போட்டார். பூமி ஆடியது. ஐந்தும் வெடித்தன. கல் மழை நின்றபோது என் கேரியரின் மேல்மூடியில் குழி விழுந்திருந்தது, சரியாக என் பெயரின் நடு எழுத்தில்.

அம்மா ஓடி வந்து நைனாவை இரண்டு அடி அடித்தாள், பிறகு என்னை நாலு அடி அடித்தாள். கணக்கு சரிதான். நைனா எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்.

"கேரியர மாட்டிட்டு எங்கடி போன நீ? உசிரே பூடுச்சி எனக்கு!"

"நான் மேலதான் நைனா இருந்தேன்! விசில் ஊதினேனே, கேக்கலையா?"

அவர் என் வாயையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்து, தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்த தலையாட்டல்.

கொட்டகையின் பின்னாலிருந்து அதிகாரி, "என்ன சத்தம் அங்கே?" என்று கேட்டாராம். "ஜனங்களுக்குச் சந்தோஷம் சார்" என்றாராம் செயலாளர். பிறகு அதிகாரி அலமாரியைப் பார்த்துவிட்டு, பச்சை மைப் பேனாவைத் திறந்து, நீங்கள் படிக்கப்போகும் அந்த வரிகளை எழுதிவிட்டுப் போனார். அவர் மேல் குற்றம் இல்லை. அலமாரி பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். "எத்தனை வருஷமா கேக்கல?"

"நீ ஆஸ்டல் போன வருசமே. வெடிச் சத்தத்துல போச்சி. இங்க பாதி ஆம்பளைக்கு அப்டித்தான்."

"ஏன் என்கிட்ட சொல்லல? வாரா வாரம் பேப்பர் படிக்கிறேனே!"

"நீ படிக்கிறத பாத்துகினு கீறாரு. அவருக்கு அது போதும். நீயும் சந்தோசமாத்தான படிச்சிகினு கீற? நடுவுல நான் எதுக்கு?"

மறுநாள் காலை அலமாரியை நானே பிளந்தேன். பலகை நன்றாக எரிந்தது. பெயிண்ட் நாற்றத்தில் அன்றைய சோற்றை யாராலும் சாப்பிட முடியவில்லை, அதற்கும் திட்டு வாங்கினேன். சட்டிகள் கிளைக்குத் திரும்பின. கோயிந்து மாமா என் கேரியரை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவும் அங்கியே தொங்கட்டும். வெயில்ல நல்லா தெரியுது" என்றார்.

ஆஜர் எடுப்பதை நான் நிறுத்தவில்லை. இடத்தை மாற்றினேன். காலையில் கேரியரைக் கிளையின் நுனியில் மாட்டிவிட்டு நானும் பள்ளத்தில் இறங்குவேன். வெடி நேரத்தில் மூலை மூலையாகப் போய், முகத்தைப் பார்த்து, தோளைத் தட்டி அனுப்புவேன். பதிவேட்டில் இப்போது ஜோடிக்கு இரண்டு வரி, பெண்களின் பெயரும் இருக்கிறது. எல்லாரும் போன பிறகு கடைசியாக நான் ஏறுவேன். மரத்தில் கடைசியாக மிஞ்சுவது என் கேரியர்தான். அதை நான் கழற்றிய பிறகுதான் கோயிந்து மாமா காதிலிருந்து பீடியை எடுப்பார். எந்த விதியிலும் இது எழுதியில்லை, இப்போது நான் எழுதுவதைத் தவிர. செருப்புத் தேயும். சேலை ஓரம் கிழியும். அலுவலகத்தில் உட்கார்ந்து டிக் போடுவதற்குத்தானே படித்தோம் என்று தோன்றும். தோன்றினால் பார்வையாளர் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பச்சை மைப் பக்கத்தை ஒரு தரம் படித்துக்கொள்ளுங்கள்.

நேற்று என் கடைசி நாள். எல்லாரையும் அனுப்பிவிட்டு ஏறி வந்து கேரியரைக் கழற்றினேன். நைனா எனக்கு முன்பே மேலே வந்துவிட்டிருந்தார். ஆனால் கொட்டகைக்குப் போகாமல் விளிம்பிலேயே நின்று, கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான் நகர்ந்தார்.

திங்கட்கிழமை காலையும் அவர் அண்ணாந்து பார்ப்பார். வரும்போது நல்ல பளபளப்பான சட்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள். கிளையின் நுனி காலியாக இருக்கிறது.